கோப்புக்கு ஓர் ஆடை

நீண்ட காலம் சிகிச்சை பெறுவோர் வீட்டில் பழைய மருத்துவக் கோப்பு ஒன்று இருக்கும். ஓரம் நைந்து, மூலை மடங்கி, உள்ளிருக்கும் அறிக்கைகள் நழுவி விழும் நிலையில் அது காணப்படும். அதற்குப் பருத்தித் துணி ஒட்டி உறை செய்வது சிறிய வேலை. குடியாத்தம் லுங்கியின் மிச்சத் துண்டே போதும். கட்டம் போட்ட துணி சர்க்கரை நோய்க்கு, கோடு போட்டது இதயத்துக்கு என்று வைத்துவிட்டால், எழுத்தறியாத பாட்டியும் தமக்குரிய கோப்பைத் தாமே எடுத்து வருவார்.

இவ்வேலையை உடனிருப்போர் செய்து முடிக்காமல், இயன்றவரை நோயாளியின் கையிலேயே கொடுப்பது நல்லது. துணியை நீவுதல், கத்தரித்தல், பசை தடவுதல், மூலையை மடித்து அழுத்துதல் ஆகிய ஒவ்வொன்றும் விரலுக்கும் மணிக்கட்டுக்கும் பயிற்சியாகும். வேலூருக்கு இஃது புதிதன்று. தொழுநோயால் மடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் பால் பிராண்ட், இங்கு நவஜீவ நிலையத்தைத் தொடங்கி, சீர்பெற்ற கைகளுக்குத் தச்சு வேலை பழக்கினார். அவரிடம் பயின்ற மருத்துவர் மேரி வர்கீஸ், விபத்தில் கால்கள் செயலிழந்த பின்னும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அத்தகைய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பாகாயத்தில் 1966-இல் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவரது முயற்சியின் பயன்.

பக்கவாதத்துக்குப் பின் பேனாவைப் பற்ற இயலாதோர்க்கு, அதன்மேல் துணி நாடாவைச் சுற்றி ஒட்டிப் பருமனாக்கித் தாருங்கள். விரல்கள் முழுதும் மடங்காமலே பிடிக்க இயலும். அழகு இரண்டாவது பயன்தான்.

இனிப் பசைக்கு வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்தில் காலணித் தொழிலாளர் பலர் உள்ளனர். 'சொல்யூஷன்' எனப்படும் பசை டின் வீட்டிலும் கிடப்பதுண்டு. விரைவில் பற்றிக்கொள்ளும் என்பதால் கை அதையே நாடும். வேண்டா. அத்தகைய பசைகளில் டொலுயீன், ஹெக்சேன் போன்ற, ஆவியாகும் கரைப்பான்கள் இருக்கக்கூடும். 1960-களில் ஜப்பானில், காற்றோட்டமற்ற அறைகளில் ஹெக்சேன் கலந்த பசையால் செருப்பு ஒட்டிய பலருக்கு நரம்புகள் பாதிக்கப்பட்டுக் கைகால்கள் மரத்து வலுவிழந்தன. ஏற்கெனவே நரம்பு தளர்ந்தவரும், ஆஸ்துமா உள்ளவரும், கருவுற்ற பெண்ணும், குழந்தையும் இருக்கும் அறையில் அந்த டின்னைத் திறக்கலாகாது. அது எளிதில் தீப்பற்றவும் செய்யும். அப்பசையோடு அன்றாடம் பழகும் தொழிலாளிக்குக் கைகால் மரத்துப்போகுமாயின், மருத்துவர் கேட்கட்டும் என்று காத்திராமல் தம் தொழிலைத் தாமே சொல்லிவிட வேண்டும்.

காகிதத்துக்கும் துணிக்கும், தச்சர்கள் மரத்துக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே போதும். அது நீரை அடிப்படையாகக் கொண்டது. மெல்லியதாகத் தடவுங்கள், மிகுந்தால் துணியில் ஊறிக் கறை தெரியும். சூடாக்கி ஒட்டும் பசைத் துப்பாக்கியை உணர்விழந்த கையில் கொடுக்காதீர்கள். விரல் வெந்துபோனாலும் அவர்க்குத் தெரியாது.

பெயரும் மருத்துவமனை எண்ணும் உள்ள இடத்தில் துணியைச் சன்னல்போல் வெட்டிவிடுங்கள். பின்னர் கனமான புத்தகம் ஒன்றின் கீழ் ஓரிரவு வைத்தால், காலையில் சுருக்கமின்றி ஒட்டியிருக்கும்.