மார்க் நூறு! தனியே விடலாமா?

"அவருக்கென்ன, நன்றாகத்தானே நடமாடுகிறார்! இன்னும் எதற்கு நீ வீட்டோடு கிடக்கிறாய்?"

தலையில் அடிபட்டுப் பிழைத்து வந்தவரின் மனைவியிடம், பார்க்க வருகிறவர்கள் இப்படிச் சொல்லிக் காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோகிறவரை, வாசற்கதவு திறந்திருந்தால் எங்கேயோ நடந்துவிடுகிறவரை, ஒரு நிமிஷம்கூடத் தனியே விட முடியாமல் அவள் படுகிற பாடு அவர்களுக்கு எப்படித் தெரியும்?

வந்தவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆஸ்பத்திரிகளில் போடும் மார்க்கிலேயே இந்தச் சங்கடம் உண்டு.

1965-ல் அமெரிக்காவில் டாக்டர் ஃப்ளாரன்ஸ் மஹோனியும் டாரதியா பார்த்தெலும் ஒரு மார்க் பட்டியலை வெளியிட்டார்கள். சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, நடப்பது, மாடிப்படி ஏறுவது என்று 10 காரியங்கள். தானே குளித்தால் 5, தானே சாப்பிட்டால் 10, தானே நடந்தால் 15. மொத்தம் 100. பக்கவாதம் வந்தவர்களுக்கு இன்றைக்கும் பயன்படுகிற நல்ல பட்டியல்தான். ஆனால் நாம் சொன்ன கணவருக்கு இதில் 100-க்கு 100 கிடைத்தாலும் கிடைத்துவிடும்! கை காலைப் பற்றிக் கேட்கிறதே தவிர, ஞாபகத்தையும் நிதானத்தையும் அது கேட்பதில்லை.

லண்டனைச் சேர்ந்த டாக்டர் லின் டர்னர்-ஸ்டோக்ஸும் அவருடைய குழுவினரும் 2007-ல் வேறொரு அளவுகோலை வெளியிட்டார்கள். 'இவரால் என்ன முடிகிறது?' என்று அது கேட்கவில்லை. 'இவருக்கு எத்தனை பேர் உதவி வேண்டும்?' என்று கேட்டது. அன்றாடக் கவனிப்பு, நர்ஸின் வேலை, டாக்டரின் வேலை ஆகிய ஒவ்வொன்றுக்கும் 3 மார்க் வரை. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி முதலியவை எத்தனை வகை, எவ்வளவு தீவிரம் என்பதற்கு 6. மொத்தம் 15. பிறகு அதை விரித்தபோது சாதனங்களையும், 'தனியே விட்டால் ஆபத்து' என்பதையும் சேர்த்தார்கள். அங்கேதான் நம் கணவர் கணக்கில் வந்தார்!

இதில் மார்க் கூடினால் பெருமையுமில்லை, சிறுமையுமில்லை. இவரைத் தேற்ற அதிக ஆள் வேண்டும், அதிகச் செலவாகும் என்று அர்த்தம். இப்படிக் கணக்குக் காட்டாவிட்டால், சிக்கலான நோயாளிகளை ஏற்கிற ஆஸ்பத்திரிக்கும் சுலபமான நோயாளிகளை ஏற்கிற ஆஸ்பத்திரிக்கும் ஒரே அளவு ஆளும் பணமும் என்றாகிவிடும். அப்புறம் கஷ்டமான நோயாளியை யார் சேர்த்துக்கொள்வார்கள்?

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், மார்க் போடுவதெல்லாம் நமக்கு வேண்டாம். ஒரு பழைய நோட்டுப் போதும். ஒரு வாரம் எழுதி வையுங்கள்: ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள்? அவரைத் தூக்க ஒருவர் போதுமா, இருவர் வேண்டுமா? புண், மருந்து என்று என்ன பார்க்க வேண்டியிருந்தது? என்ன பயிற்சி செய்தார்? எந்தெந்த நேரம் தனியே விட முடியவில்லை?

அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது, "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். நோட்டைப் பிரித்துக் காட்டுங்கள். அதில் அவருடைய தேவை மட்டுமா இருக்கும்? நீங்கள் தூங்காத ராத்திரிகளும் இருக்குமே!