பொறுப்பும் கூட்டுத் தலைமையும்

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பர். ஆனால் தேர் தடம் மாறினால் யார் பதில் சொல்வது? சென்ற பள்ளி விழாவில் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் தின்பண்டக் கடை வைத்தோம். மாலையில் கணக்குப் பார்த்தபோது 40 ரூபாய் குறைந்தது. கடையில் அனைவரும் தலைவியர். பதில் சொல்லத்தான் ஒருத்தியும் இல்லை!

லிஜ்ஜத் அப்பளத்தை நாம் அறிவோம். 1959ஆம் ஆண்டு பம்பாயில், ஒரு மொட்டை மாடியில், ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அத்தொழிலைத் தொடங்கினர். தரம் குறையக் கூடாது, கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதில் தொடக்கம் முதலே அவர்கள் உறுதியாக இருந்தனர். அங்கு உறுப்பினர் ஒவ்வொருவரும் உரிமையாளரே. நிர்வாகக் குழுவில் 21 பேர். தலைவி, செயலாளர், பொருளாளர் என அவரவர்க்கு ஒரு பணி. கிளைதோறும் ஒரு பொறுப்பாளர். இலாபத்தைப் போலவே நட்டமும் எல்லோருக்கும் உரியது.

இதனால் நாம் அறிவது யாது? ஒவ்வொரு வேலைக்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பொறுப்பேற்றவர் கணக்குக் காட்ட வேண்டும். கேள்வி கேட்பது பகையன்று. பதில் சொல்வது இழிவுமன்று. அடுத்த விழாவில், பணப்பெட்டிக்கு ஒருத்தி, கணக்கேட்டுக்கு மற்றொருத்தி என எழுதி வைத்த பின்னரே கடை திறப்போம்.