மாலை கழற்றிய மறுநாள் என்ன ஆகிறது? குடியை விட நினைக்கும் ஆண்களுக்கு ஏன் ஒரு வட்டம் வேண்டும்?

கார்த்திகை பிறந்தால் போதும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை தூக்குபவர், நாமக்கல் லாரி பட்டறையில் வெல்டிங் வைப்பவர், பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுபவர் எனப் பலரும் கறுப்பு வேட்டிக்கு மாறிவிடுவார்கள். விடியற்காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல், கழுத்தில் துளசி மாலை, காலில் செருப்பு கிடையாது. நேற்றுவரை 'டேய்' என்று கூப்பிட்ட நண்பன் இன்று 'சாமி' என்கிறான். சாயங்காலமானால் டாஸ்மாக் பக்கம் போகும் கால்கள், பஜனை நடக்கும் வீட்டுப் பக்கம் திரும்புகின்றன.

குடிப்பழக்கம் உள்ளவரின் வீட்டில் இந்த நாள்களின் அருமை தெரியும். சம்பளப் பணம் முழுசாக வீட்டுக்கு வரும். அப்பா வரும் சத்தம் கேட்டாலும் பிள்ளைகள் பயப்பட மாட்டார்கள்.

ஆனால், மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய பிறகு? சிலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். பலர் அதே வாரத்தில் பழையபடி ஆகிவிடுகிறார்கள். 41 நாள் முடிந்த ஒருவரால் 42-வது நாள் ஏன் முடியவில்லை? 'மன உறுதி இல்லை' என்று சொல்லிவிடலாம். அதே மனிதர்தானே 41 நாள் உறுதியாக இருந்தார்!

மாலையோடு சேர்ந்து வருவது

சபரிமலை விரதத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மாலை போட்டுவிட ஒரு குருசாமி இருக்கிறார். எத்தனையோ முறை மலைக்குப் போய்வந்தவர். சந்தேகம் வந்தால் அவரிடம் கேட்கலாம். முதல் முறை போகும் கன்னிசாமியை எல்லோரும் தாங்குகிறார்கள். முதலாளியும் தொழிலாளியும் ஒருவரையொருவர் 'சாமி' என்றுதான் அழைக்க வேண்டும். வாரத்துக்கு ஓரிரு நாளாவது பஜனை, அன்னதானம் என்று கூடுகிறார்கள். கழுத்தில் மாலை இருப்பதால் ஊரே அவரைப் பார்த்துக்கொள்கிறது. சேர்ந்து குடித்த கூட்டாளிகூட, "சாமி, நீங்க வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிடுவார்.

ஆக, வழிகாட்ட ஒருவர், சமமாக நடத்தும் ஒரு கூட்டம், அடிக்கடி சந்திக்க ஓர் இடம், தன்னைவிடப் பெரிய ஒன்றின் மீது நம்பிக்கை. இந்த நான்கும் மாலையோடு சேர்ந்து வருகின்றன. மாலையைக் கழற்றும்போது இவையும் கழன்றுவிடுகின்றன. மறுநாள் சாயங்காலம் அந்த மனிதர் தனியாக நிற்கிறார்.

தனிமையில் ஓடும் வண்டிகள்

இந்தப் பகுதி ஆண்களின் வேலையே தனிமையைக் கொண்டுவருகிற வேலை. நாமக்கல், சங்ககிரி லாரிகள் வட மாநிலங்கள்வரை போகின்றன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடு முழுக்க ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. அதில் போகிறவர்கள் மாதக்கணக்கில் வீட்டைப் பார்ப்பதில்லை. ஊரிலேயே இருக்கும் தறித் தொழிலாளிக்கோ, இரவு ஷிப்ட் சத்தத்தில் பக்கத்துத் தறிக்காரரோடுகூடப் பேச முடியாது. உடம்பு வலிக்கும் மனசு வலிக்கும் கைக்கு எட்டுகிற ஒரே மருந்தாக பாட்டில் ஆகிவிடுகிறது.

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்திய ஆய்வின் அறிக்கை 2019-ல் வெளியானது. அதன்படி, 10 முதல் 75 வயதுக்குட்பட்ட ஆண்களில் 27.3 சதவிகிதம் பேர் மது அருந்துகிறார்கள், பெண்களில் 1.6 சதவிகிதம். மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சையோ உதவியோ கிடைத்திருக்கிறது. இன்னொரு கணக்கும் இருக்கிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கைப்படி, தற்கொலை செய்துகொண்டவர்களில் 10-க்கு 7 பேர் ஆண்கள். ஆண்கள் வாய் திறந்து உதவி கேட்பதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

மதுவிலக்கு தொடங்கிய மண்

குடியை எதிர்த்த வரலாறு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் 1925-ல் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார் ராஜாஜி. கதரோடு மதுவிலக்குப் பிரசாரமும் அங்கே முக்கிய வேலை. அதற்காகவே 'விமோசனம்' என்ற பத்திரிகை அங்கிருந்து வந்தது. அதில் ராஜாஜிக்குத் துணையாக இருந்தவர் கல்கி. சென்னை மாகாண முதல்வரானதும், 1937 அக்டோபர் 1-ம் தேதி சேலம் மாவட்டத்தில்தான் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தார் ராஜாஜி. இன்றைய நாமக்கல்லும் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அன்றைய சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன.

பிறகு 1971-ல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 2003 முதல் அரசின் டாஸ்மாக்கே சில்லறைக் கடைகளை நடத்துகிறது. கடை வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் ஒவ்வொரு தேர்தலிலும் வருகிறது. அது ஒருபுறம் இருக்கட்டும். கடை திறந்திருக்கும் இன்றைய நிலையில், குடியை விட நினைக்கும் ஒருவர் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே போவார்?

சந்தித்துக்கொண்ட இரண்டு குடிநோயாளிகள்

அமெரிக்காவில் 1935-ல் ஒருவருக்கு இதே கேள்வி வந்தது. பில் வில்சன், பங்குச் சந்தையில் வேலை பார்த்தவர். குடியை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. தொழில் விஷயமாக ஆக்ரன் என்ற ஊருக்குப் போனார். வந்த காரியம் தோல்வி. தங்கியிருந்த ஓட்டலிலேயே பார் இருந்தது. இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால் தப்பிக்கலாம் என்று நினைத்து, அங்கிருந்தே போன் போட்டு விசாரித்தார். அப்படி அறிமுகமானவர் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர். இருவரும் மணிக்கணக்கில் பேசினார்கள். டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ம் தேதிதான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' (ஏ.ஏ.) அமைப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது. 1957-ல் இந்தியாவுக்கு வந்த இந்த அமைப்பின் கூட்டங்கள், தமிழ்நாட்டில் தமிழிலேயே நடக்கின்றன. பெண்களும் வரலாம் என்றாலும், நம் ஊர்க் கூட்டங்களில் பெரும்பாலும் ஆண்கள்தான்.

கூட்டத்தில் என்ன நடக்கும்?

பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சின்ன அறை, சில நாற்காலிகள், டீ. ஒருவர் தன் பெயரைச் சொல்லி, 'நான் ஒரு குடிநோயாளி' என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொல்வார். நடுவில் யாரும் குறுக்கிட மாட்டார்கள், அறிவுரை கிடையாது, திட்டு கிடையாது. முடிந்ததும் அடுத்தவர். அங்கே பேசியது வெளியே போகாது. கட்டணமும் இல்லை. உறுப்பினர்களே விருப்பப்பட்டதைப் போட்டுச் செலவைப் பார்த்துக்கொள்கிறார்கள். வெளியார் நன்கொடை வாங்குவதில்லை. சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை விடும் விருப்பம்.

இவர்களின் 12 படிகளில் கடவுள் வருகிறார். ஆனால், எந்தக் கடவுள் என்று யாரும் கேட்பதில்லை. அவரவர் புரிந்துகொண்டபடி, தன்னைவிடப் பெரிய சக்தி ஒன்று போதும். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் அந்தக் கூட்டத்தையே அப்படிப்பட்ட சக்தியாக எடுத்துக்கொள்வதும் உண்டு. புதிதாக வருபவருக்கு, பல ஆண்டுகளாகக் குடிக்காமல் இருக்கும் ஒருவர் வழிகாட்டியாக இருப்பார். நம் குருசாமி மாதிரிதான்! ஒரே வித்தியாசம், இங்கே 41 நாள் கணக்கு இல்லை. 'இன்று ஒரு நாள் குடிக்க மாட்டேன்' என்பதுதான் கணக்கு. நாளைக்கு மறுபடியும் அதே கணக்கு.

பலன் இருக்கிறதா?

27 ஆய்வுகளையும் 10,000-க்கும் மேற்பட்டவர்களின் தகவல்களையும் அலசிய காக்ரேன் ஆய்வறிக்கை 2020-ல் வெளியானது. ஏ.ஏ.வில் இணைய முறையாக வழிகாட்டப்பட்டவர்களில் 42 சதவிகிதம் பேர் ஓராண்டுக்குப் பிறகும் குடியைத் தொடவில்லை. மற்ற சிகிச்சைகளில் இது 35 சதவிகிதம். எல்லோருக்கும் பலிக்கும் மந்திரம் இல்லை. ஆனால், காசில்லாமல் கிடைக்கும் உதவிக்கு இது சின்ன விஷயமும் இல்லை.

ஊரே சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். அந்த அமைப்பு கிராமங்களுக்கே போய் முகாம் நடத்தியது. குடியை விட நினைக்கும் ஆண்களை ஊர்க்காரர்களின் துணையோடு ஒரே இடத்தில் தங்கவைத்துச் சிகிச்சை. முகாம் முடிந்த பிறகும் தொடர் சந்திப்புகள். சேர்ந்து குடித்தவர்கள், சேர்ந்தே விட்டார்கள்.

வீட்டில் இருப்பவர்கள் கவனத்துக்கு

* தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது போன்றவை முதல் சில நாள்களில் வரலாம். மாலை போடுவதற்கு முன்பும் இது பொருந்தும். முதலில் டாக்டரைப் பாருங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

* போதை மறுவாழ்வு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 (டெலி மானஸ்). இரண்டும் கட்டணமில்லா எண்கள்.

* குடிப்பவரின் மனைவி, பெற்றோருக்கு 'அல்-அனான்' என்ற தனிக் குழு இருக்கிறது. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-ல் தொடங்கியது. கணவர் குடியை விட மறுத்தாலும் மனைவி இதில் சேரலாம்.

* மறுபடி ஒருநாள் குடித்துவிட்டால், 'எல்லாம் போச்சு' என்று அர்த்தமில்லை. மறுநாளே கூட்டத்துக்குப் போகச் சொல்லுங்கள்.

குருசாமிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மாலை கழற்றும் நாளோடு உங்கள் வேலை முடிய வேண்டியதில்லை. தை பிறந்த பிறகும் வாரம் ஒரு சாயங்காலம் அதே ஆட்கள் அதே வீட்டில் கூடலாம். பஜனை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு டீ குடித்துக்கொண்டே, 'இந்த வாரம் எப்படிப் போச்சு சாமி?' என்று ஒருவரை ஒருவர் கேட்டால் போதும். எவருடைய உதவி தேவைப்படும் நிலையில் இருக்கிறார் என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.