ரேந்தை: இரண்டு அசைவுகளில் ஒரு வரலாறு

உடையின் விளிம்பில் நாம் 'லேஸ்' என்று வைத்துத் தைப்பதற்குத் தமிழில் ரேந்தை என்றொரு பெயரும் உண்டு. மலாய்மொழியின் 'ரெண்டா'வும் நம் ரேந்தையும் ஒரே போர்த்துகீசியச் சொல்லிலிருந்து பிறந்தவை. கடந்த 35 ஆண்டுகளாக, வேலை நேரம் போக மிஞ்சும் பொழுதை நான் இந்த ரேந்தைக்கே கொடுத்து வருகிறேன். அதிலும் நான் பின்னுவது, 'பாபின்' எனப்படும் மெல்லிய மரக்கட்டைகளைக் கொண்டு பின்னும் பழைய வகை.

இதற்குக் கொக்கி ஊசி தேவையில்லை. கெட்டியாக அடைத்த தலையணையின்மீது, துளையிட்ட மாதிரி அட்டையைப் பொருத்துவோம். ஒவ்வொரு நூலின் முனையிலும் ஒரு கட்டை தொங்கும். ஒரு சமயத்தில் கையாள்வது இரண்டு இணை, அதாவது நான்கு கட்டைகள் மட்டுமே. அசைவுகளும் இரண்டுதான். நடுவிலுள்ள இரு நூல்களில் இடப்புற நூலை வலப்புற நூலின்மேல் போடுவது குறுக்கு. ஒவ்வோர் இணையிலும் வலப்புற நூலை இடப்புற நூலின்மேல் போடுவது முறுக்கு. குறுக்கு, முறுக்கு, குறுக்கு என்று போட்டால் துணிபோல் நெருக்கமாக வரும். குறுக்கு, முறுக்கு என்பதோடு நிறுத்தினால் வலைபோல் விரியும். கட்டையின் எடை நூலை இழுத்துப் பிடிக்க, குண்டூசிகள் பின்னலைக் கலையாமல் காக்கும். அகலமான பட்டியென்றால், ஒரு மாலைப்பொழுதில் எனக்கு ஓர் அங்குலம் வளர்வதே அரிது.

இக்கலை 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலும் பிளாண்டர்ஸ் பகுதியிலும் செழித்தது. 1561இல் சூரிச் நகரில் அச்சான மாதிரி நூலொன்று, வெனிஸ் வணிகர்கள் வழியாக 1536இல் இது அங்கு வந்ததாகக் கூறுகிறது. நூலாசிரியர் தம்மை 'ஆர்.எம்.' என்று மட்டுமே குறித்துக்கொண்டார். 1670ஐ ஒட்டி ஓவியர் வெர்மீர் வரைந்த ரேந்தை பின்னும் பெண் இன்று பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறாள். அவள் யாரென்று படம் சொல்வதில்லை. ஹீத்கோட் 1809இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் வலைத்துணியை மலிவாக்கியதும் கைத்தொழில் தளர்ந்தது. அதற்குக் கைகொடுக்க விக்டோரியா அரசியார் 1840இல் தம் திருமண ஆடைக்குக் கைப்பின்னல் ரேந்தையையே கேட்டார். பீயர் என்ற ஆங்கிலேயக் கடற்கரைச் சிற்றூரின் பெண்கள் அதைப் பின்னினர். அரசியாரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. அந்தப் பெண்களின் பெயர்களை எத்தனை பேர் அறிவோம்?

தமிழ் படிக்கும் நமக்கு இக்கதையில் ஒரு பங்கு உண்டு. நாகர்கோவிலில் பெண்கள் பள்ளி நடத்திய மார்த்தா மால்ட் அம்மையார், 1820களில் அங்குள்ள சிறுமியருக்கு இப்பின்னலைக் கற்றுக்கொடுத்தார். அன்றைய திருவிதாங்கூரில் அடிமைமுறை நடைமுறையில் இருந்தது. 1855இல்தான் அது ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் ரேந்தை பின்னி ஈட்டிய பணத்தால் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர். மார்த்தாவின் மகள் எலைசா இக்கலையை இடையன்குடிக்குக் கொண்டு சென்றார். அவர் 1844இல் மணந்தவர், 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல். கால்டுவெல்லை நாம் தேர்வுக்குப் படித்தோம். அதே வீட்டு அம்மையாரிடம் ரேந்தை பயின்ற பெண்களை எந்தப் பாடத்தில் படித்தோம்?

பழைய ரேந்தைத் துண்டொன்றை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, அதன் நூல் ஓடிய வழியைக் கண்டறிந்து மறுபடி பின்னிப் பார்ப்பது என் வழக்கம். எங்கே நூல் தீர்ந்து புதிதாகச் சேர்த்தாள், எங்கே இறுக்கினாள் என்பதெல்லாம் அதில் தெரியும். பெயர் அழிந்தாலும் கைத்தடம் அழிவதில்லை. ஆனால் அதைப் படிக்க, பின்னத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

சுலோவேனியர்கள் இதை உணர்ந்திருக்கிறார்கள். இத்ரியா நகரில் 1876இல் தொடங்கிய ரேந்தைப் பள்ளி இன்றும் நடக்கிறது. 2018இல் யுனெஸ்கோ அவர்களது கலையை மானுடப் பண்பாட்டு மரபாக ஏற்றது. நம் வீடுகளிலும் பாட்டிமார் பின்னிய விரிப்புகளும் தலையணை உறைகளும் பெட்டியடியில் கிடக்கலாம். விடுமுறைக்கு வீடு திரும்பும் மாணவ நண்பர்களே, அவற்றை எடுத்துப் பாருங்கள். யார் பின்னியது, யாரிடம் கற்றது என்று கேட்டு, பெயரோடு எழுதி வையுங்கள்.