கைப்பேசியின் பதின்மூன்றாவது மாதம்



ஆண்டுக்கு மாதங்கள் பன்னிரண்டு. நமது கைப்பேசிக்கு மட்டும் பதின்மூன்று! 28 நாள் திட்டத்தை ஆண்டுக்கு 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டியிருப்பதே காரணம். அத்தகைய கைப்பேசிகள் நான்கு ஒரு வீட்டில் இருப்பின் 52 ரீசார்ஜ்கள். பனியன் கம்பெனியில் சனிக்கிழமைதோறும் கூலி வாங்கும் நம் திருப்பூர்க் குடும்பத்திற்கு, வாரக் கூலி ஒவ்வொன்றிலும் ஒரு ரீசார்ஜ் என்றாகிறது.

30 நாள் திட்டம் ஒன்றையேனும் ஒவ்வொரு நிறுவனமும் வழங்க வேண்டும் என ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. கடைக்காரர் இதனைத் தாமாகச் சொல்வது அரிது, நாமே கேட்போம். ஆயினும் விலையை நாட்களால் வகுத்துப் பார்த்த பின்னரே பணம் கொடுங்கள்.

இதைவிடப் பெரிய விரயம் ஒன்றுண்டு. மகனின் குரலைக் கேட்பதற்காகவே பட்டன் போன் வைத்திருக்கும் தாயாருக்கும் டேட்டா சேர்ந்த திட்டத்தையே போடுகிறோம். அந்த டேட்டா தொடப்படாமலே காலாவதியாகிறது. திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் வீண்விரயத்தைக் கண்டிக்கிறது. கஞ்சத்தனத்தையும் அதே அத்தியாயம் தடுக்கிறது. எனவே சிக்கனம் என்ற பெயரில் தாயாரின் இணைப்பைத் துண்டித்துவிடாதீர்கள்.

பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் அடங்கிய திட்டத்தையும் நிறுவனங்கள் தர வேண்டும் என டிராய் 2024 டிசம்பரில் விதித்தது. இதன் காலம் 365 நாட்கள் வரை இருக்கலாம். மொத்தமாகப் பணம் கட்டக் கூலி நாளில் இயலாதுதான். கம்பெனியில் தீபாவளி போனஸ் வரும் வாரத்தில், தாயாரின் ஓராண்டுத் திட்டத்திற்கான தொகையை முதலில் எடுத்து வையுங்கள்.