அழுத்தத்தில் பிறக்கும் மின்சாரம்

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையை அடுத்த காதங்கியில் 1,024 ஆன்டெனாக்கள் வரிசையாக நிற்கின்றன. வானில் வீசும் காற்றை அளக்கும் இந்த ராடார், வினாடிக்கு 5 கோடியே 30 லட்சம் முறை அதிரும் அலைகளை மேலே செலுத்துகிறது. வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ராடாரை நோக்கி வரும் காற்று, திரும்பும் அலையின் அதிர்வெண்ணை மாற்றுவது ஏறக்குறைய 0.35 ஹெர்ட்ஸ் அளவே. அனுப்பிய அலையே நிலையற்றதாயின், இச்சிறு மாறுதலை எங்ஙனம் அறிவது?

மின்னலைக் கருவிகளுக்கு இந்நிலைபேற்றைப் பெரும்பாலும் அளிப்பது குவார்ட்ஸ் படிகமாகும். சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னூட்டம் தோன்றுவதை 1880-இல் பிரான்ஸ் நாட்டின் கியூரி சகோதரர்கள் கண்டனர். மின்னழுத்தம் செலுத்தினால் படிகம் சிறிது உருமாறும் என்பதும் மறு ஆண்டில் மெய்ப்பிக்கப்பட்டது. ஆகவே, தக்க அளவில் அறுத்த குவார்ட்ஸ் தகட்டை மின்சுற்றில் இணைத்தால், அது தனக்கு இயல்பான அதிர்வெண்ணிலேயே அதிர்கிறது. வெப்பநிலை மாறின் இதுவும் சற்றே பிறழும். எனவே, நுண்ணிய பணிகளில் படிகம் ஒரே சூட்டில் காக்கப்படும் சிறு பெட்டியினுள் வைக்கப்படுகிறது.

1940-களில் பேரியம் டைட்டனேட், அடுத்த பத்தாண்டில் ஈய சிர்க்கோனேட் டைட்டனேட் ஆகிய பீங்கான் வகைகள் வந்தன. வேண்டிய வடிவில் வார்க்கத்தக்க இவை மருத்துவமனையின் ஒலியலைச் சோதனைக் கருவியிலும், அழுத்தினால் பொறி விடும் அடுப்பு லைட்டரிலும் பயன்படுகின்றன. லைட்டரினுள் சிறு சுத்தி பீங்கானைத் தாக்க, பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் எழுகிறது. எரிவாயு இல்லாத இடத்தில் ஆசிரியர்கள் இதனை மாணவர்க்குக் காட்டலாம். காதங்கியின் காற்றளவுக்கும் இந்தப் பொறிக்கும் அடிப்படை ஒன்றே என்பது அப்போது விளங்கும்.