ரேகைச் சட்டம்

என் தாத்தா கல்யாணமான ராத்திரிகூட காவல் நிலையத்தில்தான் படுத்தாராம். அப்பத்தா சாகும்வரை அதைச் சொல்லி ஆற்றாமைப்பட்டார். தாத்தா எதையும் திருடியவர் இல்லை. உசிலம்பட்டிப் பக்கம் பிரமலைக் கள்ளர் சமூகத்தில் பிறந்தார், அவ்வளவுதான்.

1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டப்படி, ஒரு சமூகத்தையே குற்றவாளிகள் என்று அரசு அறிவிக்கலாம். அது சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. ஆண்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றி, கைரேகை எடுப்பார்கள். அதன்பின் ராத்தூக்கம் போலீஸின் கண்பார்வையில். மாட்டுச் சந்தைக்குப் போவதென்றாலும் ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் பிடிபட்டால் தண்டனை. ஆள் ஊரில் இல்லையென்றால் கிராம அதிகாரியே தகவல் சொல்ல வேண்டும். ஊர்க்காரரையே ஒற்றராக்கியதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய கொடுமையாகப் படுகிறது.

1920 ஏப்ரல் 3 அன்று எங்கள் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்துத் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்காக மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் வாதாடினார். ‘ரோசாப்பூ துரை’ என்று எங்கள் ஊர்கள் அவரை இன்றும் கொண்டாடுகின்றன.

சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் சட்டம் நீங்கியது. மறு வருஷமே வழக்கக் குற்றவாளிகளுக்கென்று வேறொரு சட்டம் வந்தது. அதிலும் பதிவேடு இருந்தது.